வேலிநிலமும் வெளிநிலமும்

வேட்டை என்பது, தப்பிச் செல்ல வல்ல ஒரு காட்டு விலங்கை, அது தப்பிச் செல்வதற்கு இடமுள்ள ஒரு நிலத்தில் தேடிக் கண்டு, அணுகி, வீழ்த்துவதாகும். விலங்கின் காட்டியல்பு, நிலத்தின் அகலம், வேட்டுவனின் உழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் அப்பெயர் பொருந்தும். ஒன்று குறைந்தாலும் அங்கு நடப்பது வேட்டையன்று, அறுப்புத்தொழில். நமீபியா, போட்சுவானா, சிம்பாப்வே, சாம்பியா, தென்னாப்பிரிக்கா முதலிய ஆப்பிரிக்கத் தென்னாடுகளில் வெளிநாட்டார் கட்டணம் செலுத்தி மேற்கொள்ளும் வேட்டைச் சுற்றுலாவை ஆராயப் புகுவோர் இவ்வரையறையைக் கைவிடாமல் ஆராய வேண்டும். வசதியுள்ள மலேசியர் சிலருக்கும் இன்று அந்நாடுகள் எட்டும் தொலைவில் உள்ளன. எனவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று.

அந்நாடுகளின் வேட்டைநிலங்கள் இருபெரும் பிரிவின. எல்லையில் கம்பி இல்லாது, விலங்கு மழையையும் புல்லையும் நாடித் தன் விருப்பில் வந்துபோகும் நிலம் வெளிநிலம். உயர்ந்த கம்பிவேலியால் சூழப்பட்டு, உள்ளிருக்கும் விலங்கு வெளியேறவும் வெளியிருக்கும் விலங்கு உட்புகவும் இயலாத நிலம் வேலிநிலம். வேலிநிலத்தை மேலும் மூன்றாகப் பகுத்துக் காணல் தகும். விலங்கு தானே மேய்ந்து, தானே இணைதேடி ஈன்று, துரத்தப்படும்போது கம்பியை முட்டாமலேயே தப்பக்கூடிய பரப்புடையது பெருவேலி. மேய்ச்சல் விலங்கினுடையதாயினும், எத்தனை விலங்கு வாழலாம், எந்த ஆண்விலங்கு கூட்டத்தில் நிற்கலாம், வறட்சியில் எவ்வளவு வைக்கோல் இடலாம் என்பவற்றை உரிமையாளரே முடிவுசெய்யும் பரப்புடையது குறுவேலி. வேறிடத்தில் வளர்ந்த விலங்கை வேட்டைநாளை ஒட்டிக் கொணர்ந்து விடும் சிற்றிடம் அடைப்பு. இம்மூன்றுக்கும் கம்பி ஒன்றே. வேறுபடுவது, கம்பிக்குள் இயற்கை செய்யும் வேலையின் அளவும் மாந்தன் செய்யும் வேலையின் அளவும் ஆகும்.

இப்பகுப்பை நம் மண்ணில் வைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலம் கடந்தால் கேரித் தீவு. அங்கும், பந்திங் வழியெங்கும், கோலலங்காட் மாவட்டம் நெடுகிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்துள்ளன. இத்தோட்டங்களின் வழக்கமான விருந்தாளி காட்டுப்பன்றி. புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் அடியை மூக்கால் உழுது, மண்ணைப் புரட்டி, உள்ளிருக்கும் வெண்குருத்தை மட்டும் தின்றுவிட்டு ஓலைகளை விட்டுச் செல்லும். வளர்ந்த மரத்தடியிலோ உதிரிப்பழங்களைப் பொறுக்கும். விடியலில் மருந்தடிக்கவோ உரம் போடவோ செல்லும் தோட்டப் பாட்டாளி, சாய்ந்து கிடக்கும் கன்றையும் அதனைச் சுற்றிக் குழிகுழியாகக் கிளறிய மண்ணையும் கண்டதும் இரவு வந்தது எது என்று சொல்லிவிடுவார். இப்பன்றியை உரிமம் பெற்றோர் சுடுவதே நம் வட்டாரத்தின் வெளிநில வேட்டை. அதற்கு வேலியில்லை, விருந்தில்லமில்லை, சுவரில் மாட்டும் தலையுமில்லை. பயிரைக் காக்கும் நோக்கமும் இறைச்சியுமே உண்டு.

மலைநாட்டுத் தீவக்குறையில் இவ்வேட்டையை ஆள்வது 2010ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டம், அதாவது 716ஆம் சட்டம். இது 1972ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்தது; நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான் துறை. உரிமத்தோடு வேட்டையாடத்தக்கவை ஒரு பட்டியலிலும், எவ்வாற்றானும் தொடக்கூடாதவை மற்றொரு பட்டியலிலும் உள்ளன. பழங்குடியினர் விற்பனைக்கன்றித் தம் உணவுக்காக மட்டும் வேட்டையாடக்கூடிய 10 உயிரினங்களை இச்சட்டம் தனியே குறிக்கிறது. கேரித் தீவில் வழிவழியாக வாழும் மா மெரி மக்களை அருகிலிருந்து அறிந்த நமக்கு, அவ்விதிவிலக்கின் தேவையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் சட்டத்தினும் ஆழமாக வேட்டையை ஆள்வது ஈனும் ஆற்றல். பெண்பன்றி ஓராண்டு அகவையளவிலேயே சினைப்படக்கூடியது. ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். கடமானோ எட்டு மாதம் சுமந்து ஒரே கன்றை ஈனும். ஆண்டுதோறும் பத்தில் மூன்றை இழந்தும் பன்றிக்கூட்டம் நிமிரக்கூடும். அதே இழப்பைக் கடமான்கூட்டம் தாங்காது. மலைநாட்டுத் தீவக்குறையில் கடமானுக்கும் கேளையாட்டுக்கும் 2009 முதல் வேட்டை உரிமம் நிறுத்திவைக்கப்பட்டதன் பின்னே நிற்பது இக்கணக்கே. பெருக்கத்தின் மிகையை மட்டும் எடுத்து முதலைத் தொடாதிருத்தல் என்னும் நெறியே உலகெங்கும் வேட்டை மேலாண்மையின் அடித்தளம். வெளிநிலத்தில் அந்நெறியை எண்ணிக்கையெடுப்பும் ஒதுக்கீடும் காக்கின்றன. வேலிநிலத்தில் உரிமையாளரின் வணிகக் கணக்கு காக்கிறது, அல்லது கைவிடுகிறது.

நம் நாட்டிலும் மானுக்கு வேலி உண்டு. பேராக்கின் லெங்கோங்கில் கால்நடைத் துறையின் மான் பண்ணை இருப்பதைப் பலரும் அறிவர். ஆனால் அங்கு வேலிக்குள் இருப்பது பண்ணைவிலங்கு. அதனைச் சுடுவதற்கு எவரும் சீட்டு வாங்குவதில்லை. வேலிக்குள் வளர்ப்பது ஒரு தொழில், வெளியில் வேட்டையாடுவது வேறொரு தொழில் என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இரண்டையும் ஆப்பிரிக்கத் தென்னாடுகள் ஒன்றாக இணைத்தன. அங்குப் பிறந்த நன்மைகளும் தீமைகளும் இவ்விணைப்பின் விளைவுகளே.

அவ்விணைப்பைச் செய்தது உடைமைச் சட்டம். ஐரோப்பியர் கொணர்ந்த பழைய உரோம, டச்சுச் சட்டநெறிப்படி காட்டுவிலங்கு எவருக்கும் உடைமையன்று. பிடித்தவனுக்கே அது உரியது. தன் நிலத்தில் மேயும் மான் நாளை அடுத்தவன் நிலத்தில் மேய்ந்தால் அது அவனுடையதாகிவிடும்; எனவே உழவனுக்கு மான் என்பது மாட்டின் புல்லைத் தின்னும் போட்டியாளன் மட்டுமே. நமீபியாவில் 1975ஆம் ஆண்டின் இயற்கைக் காப்பு ஆணை, முறையாக வேலியிட்ட நிலக்கிழார்க்குத் தம் நிலத்து வேட்டைவிலங்கின்மேல் உரிமை தந்தது. தென்னாப்பிரிக்காவில் 1991ஆம் ஆண்டின் வேட்டைவிலங்குத் திருட்டுச் சட்டம், போதிய வேலி உண்டெனச் சான்று பெற்றவரின் விலங்கு வேலியைத் தாண்டி ஓடினாலும் அவருடையதே என்று உறுதிசெய்தது. மானுக்கு விலை வந்தது. விலை வந்ததும் மாட்டுப்பண்ணைகள் மான்பண்ணைகளாயின. இன்று தென்னாப்பிரிக்காவில் மட்டும் அத்தகைய பண்ணைகள் ஏறத்தாழ 9,000 எனக் கணிக்கின்றனர். கம்பி ஒன்று உடைமைச் சான்றாக மாறியதால் ஒரு நாட்டின் நிலப்பயனே மாறிய நிகழ்வு இது.

வேலி காத்த உயிர்களும் உண்டு என்பதை மறைத்தல் அறிவியலாகாது. தென்முனை நிலத்துக்கே உரிய பான்டிபாக் என்னும் மானினம் வேட்டையால் அழிவின் விளிம்புக்குச் சென்றபோது, 19ஆம் நூற்றாண்டில் சில நிலக்கிழார்கள் தம் நிலங்களில் எஞ்சியவற்றை வளைத்துக் காத்தனர். 1931இல் அதற்கெனப் பூங்கா அமைத்தபோது அதில் இருந்தவை 17. இன்று அவ்வினம் சில ஆயிரமாகப் பெருகியிருப்பது அன்று எழுப்பிய வேலியால் விளைந்தது. வேலியே தீது என்போர் இம்மானுக்கு விடை சொல்ல வேண்டும்.

ஆனால் அதே வேலிக்குள் மற்றொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவே என்னை இப்பொருளின்பால் முதலில் ஈர்த்தது. ஒரு பண்ணையில் 40 மான்கள் உள்ளன என்க. அவற்றுள் ஈனும் தகுதியுள்ள ஆண் 2, பெண் 38. கண்ணுக்கு அது நாற்பது. மரபுக்கு அது நாற்பதன்று. ஆண்தொகையையும் பெண்தொகையையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, இருதொகையின் கூட்டால் வகுத்தால் வருவதே மரபை உண்மையில் கடத்தும் தொகை. இதனை விளைதொகை எனலாம். சூவல் ரைட் என்னும் மரபியலறிஞர் 1931இல் விளக்கிய இக்கணக்கின்படி, இக்கூட்டத்தின் விளைதொகை 7.6. ஒவ்வொரு தலைமுறையிலும் இழக்கப்படும் மரபுவேறுபாடு, விளைதொகையின் இருமடங்கால் ஒன்றை வகுத்தால் வருவது. இங்கு அது ஏறத்தாழ 6.6 விழுக்காடு. பத்துத் தலைமுறையில் தொடக்கத்திலிருந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி போய்விடும். அதே நாற்பதில் ஆண் 20, பெண் 20 எனச் சமமாக நின்று அனைத்தும் ஈன்றால், பத்துத் தலைமுறையில் இழப்பு 12 விழுக்காட்டளவே. நல்ல கொம்புடைய இரண்டே ஆண்களைத் தேர்ந்து நிறுத்தும் உரிமையாளர், கொம்பை நீட்டுவதாக எண்ணிக் குடியின் வேரை அறுக்கிறார். குறுகிய காலத்தில் நெருங்கினக் கலப்பின் கேட்டைத் தவிர்க்கவேனும் விளைதொகை 50 வேண்டும் என்பது 1980இல் பிராங்கிளின் என்னும் மரபியலறிஞர் முன்வைத்த அளவு. அவ்வளவை எட்டாத குறுவேலி, வெளியிலிருந்து புதிய ஆண்விலங்கை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்கிச் சேர்ப்பதிலும் கேடு ஒளிந்திருக்கிறது. பான்டிபாக்கும் அதன் நெருங்கிய உறவான பிளெஸ்பாக்கும் இயற்கையில் ஒன்றையொன்று காணாத நிலங்களில் வாழ்ந்தவை. ஒரே வேலிக்குள் விடப்பட்டபோது இரண்டும் கலந்து ஈன்றன. காட்டில் அரிதாகத் தோன்றி மறையும் நிறத்திரிபுகளைப் பிரித்தெடுத்து, கருநிற இம்பாலா, பொன்னிறக் கனு எனப் பெருக்கி, பெருவிலைக்கு விற்றதும் வேலிநிலத்தின் செயலே. இயற்கையின் தேர்வு விலக்கிய நிறத்தை ஏலத்தொகை தேர்ந்தது. அவ்விலங்கைச் சுட்டு வீழ்த்துவது, உயிர்நூல் நோக்கில், கால்நடைச் சந்தையில் கிடாவை வாங்குவதிலிருந்து எவ்வகையிலும் வேறன்று என்பது என் முடிபு.

வேலியின் வெளிப்புறத்தையும் பார்க்க வேண்டும். வேட்டைவிலங்கு வேலி பெரும்பாலும் மாந்தன் உயரத்தை மிஞ்சி, ஏறத்தாழ 2.4 மீட்டர் நிற்கும். நெடுந்தாவலுக்குப் பேர்பெற்ற கூடு மானையும் ஈலண்டையும் நிறுத்த அவ்வுயரம் வேண்டும். அடியில் தோண்டிப் புகும் விலங்கைத் தடுக்க, நிலத்தையொட்டித் தாழ்வாக மின்கம்பியும் ஓட்டுவர். அக்கம்பியை அழுங்கு நெருங்குகிறது. பின்னங்காலூன்றி நடக்கும் அதன் செதிலற்ற வயிறு கம்பியில் படுகிறது. அதிர்ந்ததும், அச்சம் கொள்ளும்போதெல்லாம் செய்வதைப் போலவே, அது உருண்டையாகச் சுருள்கிறது. சுருள்கையில் கம்பியையே தன்னுள் வளைத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த அதிர்ச்சியில் மேலும் இறுகுகிறது. சிங்கத்திடமிருந்து தன்னைக் காத்த பழக்கமே அங்கு அதன் சாவாகிறது. ஆமையும் அவ்வாறே, ஓட்டுக்குள் ஒடுங்கிக் கம்பியடியில் மடிகிறது. இவை எவருடைய வேட்டைப் பட்டியலிலும் இல்லை; எந்தக் கட்டணத்திலும் சேர்வதில்லை.

பெருவெளியில் நீளும் வேலியின் கேடு இதனினும் பெரிது. போட்சுவானாவில் கால்நடைக்குக் காணைநோய் பரவாதிருக்க 1958இல் எழுப்பிய கூக்கே வேலி, வறட்சியில் தண்ணீர் நோக்கி வடக்கே செல்லும் கனுக் கூட்டங்களின் வழியை அடைத்தது. 1980களின் வறட்சியில் பல்லாயிரம் கனுக்கள் மடிந்தன. மழை ஆண்டுக்காண்டு இடம் மாறிப் பெய்யும் வறள்நிலத்தில் இடப்பெயர்ச்சியே உயிர்வாழ்க்கை. அங்கு நிலத்தின் தாங்குதிறன் என்பது ஓரிடத்துப் புல்லின் அளவன்று, விலங்கு சென்றடையக்கூடிய புல் அனைத்தின் அளவு.

இனி வெளிநிலம். நமீபியா 1996இல் தன் சட்டத்தைத் திருத்தி, நிலக்கிழார்க்கு மட்டும் இருந்த விலங்குரிமையைப் பொதுநிலத்தில் வாழும் ஊர்க்குழுக்களுக்கும் நீட்டியது. 1998இல் பதிவான முதல் நான்கு குழுநிலங்களுள் ஒன்று, சான் மக்கள் வாழும் நையே நையே. பரப்பு ஏறத்தாழ 9 நூறாயிரம் எக்டேர், அதாவது நம் சிலாங்கூர் மாநிலம் முழுவதையும்விடப் பெரிது. இன்று இத்தகைய குழுநிலங்கள் 86. ஊர்க்காவலர் ஒவ்வொருவரும் நிகழ்வேடு ஒன்றைச் சுமக்கிறார். கண்ட விலங்கு, கண்ட தடம், மேய்ந்த பயிர், கொல்லப்பட்ட ஆடு, கள்ளவேட்டையின் அடையாளம் அனைத்தும் அன்றன்றே அதில் ஏறுகின்றன. அவ்வேடுகளும் ஆண்டுக் கணக்கெடுப்பும் சேர்ந்தே வேட்டை ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாகின்றன. வேட்டையின் இறைச்சி ஊருக்குப் போகிறது. கட்டணத்தில் ஒரு பங்கு காவலரின் ஊதியமாகிறது. யானை தன் சோளத்தை மிதிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் உழவனுக்கு அப்பொறுமையின் விலை கைக்கு வருவது இவ்வழியேதான். 2020இல் உலகப் பெருந்தொற்றால் வானூர்திகள் நின்றபோது இவ்வருவாயும் நின்றது. ஒற்றை வருவாயைச் சார்ந்த அமைப்பின் நொய்ம்மை அன்று வெளிப்பட்டது.

வெளிநிலம் என்னும் பெயரே தூய்மைக்குச் சான்றாகாது. 2015இல் சிம்பாப்வேயின் குவாங்கே பூங்காவை ஒட்டிய வேலியற்ற நிலத்தில், ஆய்வாளரின் கழுத்துப்பட்டை அணிந்த செசில் என்னும் ஆண்சிங்கம் அம்பாலடிபட்டு வீழ்ந்தது. வேலியில்லாத எல்லையில் இரைகாட்டி ஈர்த்தால், பூங்காவின் காவலில் வளர்ந்த விலங்கும் வேட்டைப்பொருளாகிவிடும். போட்சுவானா 2014இல் வேட்டையை நிறுத்தி 2019இல் மீண்டும் திறந்ததும் காட்டுவது, வெளிநில வேட்டையின் வாழ்வு ஒவ்வொரு நாட்டின் அரசியல் முடிவையும் சார்ந்தது என்பதையே.

தமிழ்நிலத்திலும் இக்கேள்வி எழுந்து விடைபெற்றிருக்கிறது. நீலமலையில் வெள்ளையர் வரையாட்டையும் கடமானையும் கணக்கின்றிச் சுட்டபின், 1877இல் அவ்வேட்டையாடிகளே நீலகிரி வேட்டைக் கழகத்தை அமைத்தனர். 1879இல் அதற்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. விலங்கு ஈனும் பருவத்தில் வேட்டைக்குத் தடை வந்தது. அவர்கள் வேலியை நாடாமல் காலத்தைக் கொண்டு வரம்பிட்டனர். இந்தியா 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டத்தாலும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் அப்பொழுதுபோக்கு வேட்டைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. நான் இந்திய முடிவையே உயர்வாக மதிக்கிறேன். எனினும் நிலமும் மக்களும் வேறான நமீபியாவுக்கு அதனை அப்படியே பொருத்த மாட்டேன்.

ஆகவே, செல்லத்தான் வேண்டும் என்று முடிவுசெய்தவர்க்கு என் விடை இது. ஊர்க்குழுவின் வெளிநிலம் முதற்கண் தகும். விலங்கைக் காணாமலே திரும்பும் நாள்கள் அங்கு மிகுதி, தடம்பார்ப்போருக்குப் பின்னே நடக்கும் தொலைவும் மிகுதி, அவையே வேட்டையின் உறுப்புகள். விலங்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பெருவேலி அடுத்தபடியாகத் தகும். அடைப்பு எவ்வகையிலும் தகாது. கூண்டில் வளர்ந்த சிங்கத்தைச் சுடுவதற்கு அழைப்போரிடம் பேச்சே வேண்டா. குறுவேலியை விலங்கின் நடத்தையே காட்டிக்கொடுக்கும். ஆளைக் கண்டதும் விலங்கு ஓடத் தொடங்கும் இடைவெளியை விலங்கியலறிஞர் எடிகர் ஓட்டத்தொலைவு என அளந்து காட்டினார்; வண்டியின் ஒலி கேட்டதும் ஓடாமல் தீனிக்காகத் தலைதூக்கும் மான், எத்தனை எக்டேரில் நின்றாலும் பண்ணைவிலங்கே. வேட்டைச் சின்னத்தை இங்குக் கொண்டுவர நினைப்போர்க்கு 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினப் பன்னாட்டு வணிகச் சட்டம், அதாவது 686ஆம் சட்டம், மலேசிய எல்லையில் காத்திருக்கிறது. யானைக் கொம்பு, சிறுத்தைத் தோல் முதலியவற்றுக்கு இரு நாட்டு இசைவும் கேட்கப்படும்.

புறப்படுமுன் வேட்டை நிறுவனத்தாரிடம் இந்நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: நிலத்தின் பரப்பு எத்தனை எக்டேர், அதனுள் குறுக்குவேலிகள் உண்டா, நான் சுடப்போகும் விலங்கு எங்குப் பிறந்து எந்நாளில் அங்கு விடப்பட்டது, நான் தரும் பணத்தில் அந்நிலத்து ஊரார்க்கு எவ்வளவு. விடைகளை எழுதித் தர மறுப்பவர்க்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.